இருமல்: இல்லை

எங்கள் சாயத் தெருவில் பிளஸ் டூ தேறிய முதல் பெண் இந்திராணி. அதனால்தான் 1998-இல் காஞ்சிபுரத்துப் பிள்ளைகளின் மூச்சை அளக்க ஒரு மருத்துவக் கல்லூரியிலிருந்து வந்தவர்கள் அவளை வேலைக்கு எடுத்தார்கள். வெளிநாட்டு அட்டவணை நமக்கு ஒத்துவராது, நம் ஊரில் ஆரோக்கியமான பிள்ளை எவ்வளவு ஊதும் என்று நாமே கண்டுபிடிக்க வேண்டும் என்றார்கள். நியாயமான பேச்சுதான்.

உயரம் அளந்து, மூச்சின் வேகத்தை எண்ணாகக் காட்டும் குழாயில் மூன்று தடவை ஊதவிட்டு, பெரிய எண்ணை எழுத வேண்டும். ஒரே ஒரு கண்டிப்பு: இருமல் உள்ள பிள்ளையைச் சேர்க்கக் கூடாது.

பட்டு நூலுக்குச் சாயம் காய்ச்ச எங்கள் தெருவில் விடியும்போதே அடுப்பு மூட்டுவார்கள். புகையும் நெடியும் வீட்டுக்குள் வரும். பிள்ளைகள் இருமிக்கொண்டேதான் பல் துலக்குவார்கள்.

"புள்ளைக்கு இருமல் இருக்குதா?" என்று இந்திராணி கேட்டபோது பக்கத்து வீட்டுப் பட்டம்மாள் சிரித்தாள்.

"அது பொகைக்கு இருமறதும்மா. வியாதியா என்னா? நீ இருமலியா?"

இந்திராணியும் சிரித்துவிட்டு, 'இருமல்: இல்லை' என்று எழுதினாள். வீட்டுக்கு வீடு அதே கேள்வி, அதே பதில். மற்ற தெருக்காரர்கள் பிள்ளைகளை அனுப்பத் தயங்கினார்கள். நாங்கள் பிஸ்கட் பாக்கெட்டுக்கு வரிசை கட்டினோம். அறுநூறு பேரில் பாதிக்கு மேல் எங்கள் பிள்ளைகள். எங்கள் புத்தி எங்கே போயிற்று என்று எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது.

ஏழு வருஷம் கழித்து இந்திராணியின் மகள் சிம்ரனுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. தூங்கும்போதுகூட விலா எலும்புக்கு நடுவே குழி விழுந்தது. பயந்துபோய் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

"போன வருசம் வரைக்கும் ஓடிக்கினு இருந்தவ சார். இப்ப ரெண்டு படி ஏறினா குந்திக்கிறா."

டாக்டர் ஊதச் சொன்னார். சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையைப் பார்த்தார்.

"நூத்தி முப்பது. இவ உயரத்துக்கு நம்ம ஊர்ப் பிள்ளைங்க நூத்தி முப்பத்தஞ்சு ஊதுவாங்க. நார்மல்தாம்மா."

இந்திராணி எழுந்து சுவரருகே போய்ப் பார்த்தாள். அவள் வீடு வீடாக எழுதிக் கொடுத்த எண்களிலிருந்து வந்த அட்டவணை அது.

"சார், இந்த அட்டவணைக்கு ஊதின எங்க தெருப் புள்ளைங்க எல்லாம் இருமிக்கினு இருந்தாங்க."

"அறுநூறு பிள்ளைங்கம்மா. எல்லாருமா தப்பா ஊதியிருப்பாங்க?"

"ஊதினது சரிதான் சார். இருமல் இல்லைன்னு எழுதினது நான்."

டாக்டர் அதற்குள் சீட்டில் 'நார்மல்' என்று எழுதி, மணியை அடித்துவிட்டார். வெளியே வரிசையில் ஏழெட்டுப் பிள்ளைகள் இருமிக்கொண்டிருந்தார்கள். எந்தத் தாயும் திரும்பிப் பார்க்கவில்லை.