எழும்பூருக்கு இரண்டு பலகை

ரயிலில் போக வேண்டுமென்றால் எங்கள் ஊரில் எல்லோரும் முதலில் டிக்கெட் கவுண்டருக்குப் போவார்கள். நடக்க முடியாத ஒருவர் வீட்டில் இருந்தால் முதலில் என்னிடம் வருவார்கள். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது.

என் இடது காலில் இரும்புச் சட்டம். மூன்று வயதில் வந்த போலியோ. எட்டாவதோடு படிப்பு நின்றது. அதற்குப் பிறகு பீங்கான் பட்டறைதான் எனக்குப் பள்ளிக்கூடம். பொம்மையோ, மின்சாரப் பியூஸ் கட்டையோ, எதற்கும் முதலில் பிளாஸ்டர் அச்சு வேண்டும். அந்த அச்சு செய்வது என் வேலை. ரயில் விஷயம் யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. என் காலுக்காக நானே அலைந்து விசாரித்தது. மாற்றுத்திறனாளிகளுக்கான பெட்டி எந்த வண்டியில் எஞ்சினை ஒட்டி வரும், எந்த வண்டியில் கடைசியில் வரும், எந்த ஊரில் படி ஏறாமல் தெருவுக்கு வந்துவிடலாம் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். கேட்டவர்களுக்குச் சொன்னேன். சொன்னது சரியாக இருந்ததால் இன்னும் நாலு பேர் வந்தார்கள்.

கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து மூட்டு தேய்ந்த பெரியவர் ஒருவர் வந்திருந்தார். அவர் சொன்னதை நான் மறக்கவே மாட்டேன். "டிக்கெட்டெல்லாம் கெடச்சிடுது தம்பி. பிளாட்பாரத்துக்கும் பெட்டிக்கும் நடுவுல ஒன்றரை அடி ஒயரம் இருக்குது பாரு, அதுக்குத்தான் எனக்கு டிக்கெட்டு கெடைக்கல." ஒரு வாக்கியத்தில் என் முழு வேலையையும் சொல்லிவிட்டுப் போனார்.

நான் இங்கே சொல்ல வந்தது அக்காவின் பயணத்தை. கூடப் பிறந்த அக்கா இல்லை. எங்கள் பட்டறையில் இருபது வருஷத்துக்கு மேல் பொம்மைகளுக்குக் கண் எழுதியவர். அவர் எழுதிய கண் நம்மைப் பார்க்கும், அவ்வளவுதான் சொல்ல முடியும். நாலு வருஷத்துக்கு முன்னால் மாடிப்படியில் விழுந்ததில் இடுப்புக்குக் கீழே வேலை செய்யாமல் போயிற்று. அன்றிலிருந்து சக்கர நாற்காலி.

விழுந்த மறு வருஷம் பெண்ணாடத்தில் ஒரு கல்யாணம். வேனிலிருந்து அவரை நாலு ஆண்கள் கைக்கு ஒருவர், காலுக்கு ஒருவராகத் தூக்கி இறக்கினார்கள். நல்ல மனசோடுதான் தூக்கினார்கள். ஆனால் சேலை விலகியது. பந்தலில் யாரோ சிரித்தார்கள். அக்கா சாப்பிடாமல் திரும்பி வந்தார். அதோடு வெளியூர்ப் பயணம் முடிந்தது.

போன வருஷம் அவர் மகள் சென்னையில் நர்ஸ் படிப்பை முடித்தாள். பட்டம் வாங்கும்போது அம்மா முன்வரிசையில் இருக்க வேண்டும் என்பது மகளின் ஆசை. அம்மாவுக்கு மட்டும் ஆசை இல்லையா என்ன. ஆனால் அவர் ஒரே பிடியாக நின்றார். தூக்கித்தான் ஏற்ற வேண்டும் என்றால் நான் வரவில்லை, நீ போட்டோ அனுப்பு என்று மகளிடம் சொல்லிவிட்டார். மகள் எனக்குப் போன் செய்தாள். "மாமா, அம்மா மேல ஒருத்தர் கையும் படாம ஏத்தி எறக்க முடியுமா? முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க, நான் அழுது முடிச்சிடுறேன்" என்றாள்.

முடியும் என்றேன்.

சொன்ன பிறகுதான் யோசித்தேன். காலை வண்டி இங்கே நிற்பது இரண்டு நிமிஷம். அதற்குள் நாற்காலியோடு உருட்டி ஏற்ற ஒரு சாய்வுப் பலகை வேண்டும். மடக்கி வண்டியிலேயே எடுத்துப் போனால் எழும்பூரில் இறங்கவும் அதுவே உதவும். அக்கா வீட்டுக்குப் போய் நாற்காலியின் அகலத்தை அளந்தேன். இருபத்துநாலு அங்குலம். தச்சருக்குப் போன் போட்டு, ஓரங்களில் சக்கரம் நழுவாமல் சட்டம் அடித்து, சட்டத்துக்கு நடுவே இருபத்தைந்து அங்குலம் விட்டு ஏழடிப் பலகை செய்யச் சொன்னேன். அழகாகச் செய்து கொடுத்தார்.

பட்டறையில் புது அச்சு செய்தால் ஒரே ஒரு பொம்மையைச் சுட்டுப் பார்த்துவிட்டுத்தான் மற்றதைச் சூளையில் வைப்போம். இதையும் அப்படியே செய்யலாம் என்றார் சூளைக்காரர். சூளையில் நெருப்பைப் பார்த்துக்கொள்கிறவர், என் கூட்டாளி. அக்காவின் எடைக்குச் சரியாகப் பிசைந்த களிமண்ணைச் சாக்கில் கட்டினோம். அக்கா கேள்விப்பட்டு, ரெண்டு கிலோ கூடவே போடுங்கள், நான் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் வருவேன் என்று சொல்லி அனுப்பினார். பயணத்துக்கு முதல் நாள் காலை அந்தச் சாக்கை அவருடைய நாற்காலியில் உட்கார வைத்து ஸ்டேஷனுக்குத் தள்ளிப் போனோம். சூளைக்காரர் சாக்கின் கழுத்தில் துண்டு வேறு கட்டியிருந்தார்.

ஸ்டேஷன் அதிகாரியிடம் முன்பே பேசியிருந்தேன். நல்ல மனிதர். எங்கள் இரண்டு பிளாட்பாரம் டிக்கெட்டையும் பார்த்துவிட்டு, நாற்காலியைப் பார்த்தார். "இவருக்கு டிக்கெட்டு எங்க?" என்றார்.

"அவருக்குச் சீனியர் சிட்டிசன் சலுகைங்க. ஆத்துப் படுகையில மண்ணா ரொம்ப வருஷம் கெடந்தவரு" என்றார் சூளைக்காரர்.

அரை மணி நேரம் நிற்கும் ஒரு பாசஞ்சர் வண்டியில் ஐந்து நிமிஷம் பார்த்துக்கொள்ள விட்டார் அதிகாரி. பலகையைப் பெட்டி வாசலில் சாய்த்தோம். அளவெடுத்தாற்போல் உட்கார்ந்தது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. நாற்காலியைத் தள்ளினோம். பலகையின் அடியிலேயே நின்றுவிட்டது. சக்கரங்கள் சட்டத்தில் முட்டின. இரண்டு விரல்கடை அகலம் போதவில்லை.

தச்சரைத் திட்ட வாயைத் திறந்தேன். சூளைக்காரர் என் சட்டைப் பையிலிருந்து ஸ்கேலை உருவி எடுத்தார். அப்போது எனக்குப் புரிந்தது.

அச்சு செய்கிறவன் வைத்திருப்பது கடை ஸ்கேல் இல்லை. களிமண் காய்ந்து, சூளையில் வெந்து வரும்போது சுருங்கிவிடும். அதனால் சுருங்குவதற்கும் சேர்த்து, அங்குலத்தைக் கொஞ்சம் நீட்டிக் குறித்த ஸ்கேலால்தான் அளப்போம். முப்பது வருஷப் பழக்கம். நாற்காலியையும் அதாலேயே அளந்திருக்கிறேன். என் ஸ்கேலில் இருபத்துநாலு என்றால் தச்சர் டேப்பில் இருபத்தேழு.

"ஏம்பா, அக்காவச் சூளையில வச்சு எடுக்கப் போறியா? சுருங்கி வருவாங்கன்னு அளந்திருக்கற" என்றார் சூளைக்காரர். விளங்கச் சொன்னதும் அதிகாரியும் சேர்ந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் காலை வண்டி.

அக்காவிடம் மறைக்க முடியாது. கண் எழுதுகிறவருக்கு முகம் பார்த்தே தெரிந்துவிடும். வாசலிலேயே, என்னாச்சு என்றார். சொன்னேன். மறுநாளுக்கென்று எடுத்து மடியில் வைத்திருந்த பச்சைச் சேலையை மெதுவாக மடிக்க ஆரம்பித்தார்.

"அப்ப தூக்கித்தான் ஏத்துவீங்களா?"

"இல்லக்கா. வேற வழி பாக்குறேன்."

"பாரு. ஆனா பொழுது சாயறதுக்குள்ள சொல்லிடு. வரலைன்னு புள்ளைக்குப் போன் போடணும். அது ராத்திரி முழுக்க காத்துக்கிட்டு இருக்கக் கூடாது."

கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

தச்சர் மங்கலம்பேட்டையில் ஒரு புது வீட்டுக்கு நிலை வைக்கப் போயிருந்தார். மறுநாள் மத்தியானம்தான் வருவார் என்றார்கள். பட்டறையில் போய் உட்கார்ந்தேன். ஈரப் பொம்மைகளை வரிசையாக அடுக்கிய நீளப் பலகைகளைத் தோளில் வைத்து ஆட்கள் காயப்போடும் இடத்துக்குக் கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். ஏழடி நீளம், ஒரு சாண் அகலம், இரண்டு விரல் கனம். காலியான பலகைகள் சுவரோரம் சாத்திக் கிடந்தன. சூளைக்காரர் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு சக்கரத்துக்கு எதுக்குப்பா ஒரு பலகை?" என்றார்.

எழுந்து நின்றுவிட்டேன். சக்கரத்துக்கு ஒரு பலகை. நடுவில் எவ்வளவு இடைவெளி வேண்டுமோ அவ்வளவு விட்டுப் போட்டுக்கொண்டால் போகிறது. அக்கா நாற்காலி என்ன, எந்த நாற்காலிக்கும் பொருந்தும். அளக்கவே வேண்டாம், ஆகவே நான் தப்பாக அளக்கவும் முடியாது. இரண்டு பலகைக்கும் ஓரச் சட்டம் அடித்தோம். பெட்டிவாசலில் மாட்டிக்கொள்ள நுனியில் இரும்புக் கொக்கி வைத்தோம். லாரியில் சரக்கு ஏற்றும் மேடையில் சாய்த்து, களிமண் சாக்கை அக்காவின் நாற்காலியில் உட்கார வைத்து ஆறு தடவை ஏற்றி இறக்கினோம். கடைசித் தடவை ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பொம்மை அடுக்கும் பெண்கள் வேலையை விட்டுவிட்டு நேரம் பார்த்துச் சொன்னார்கள்.

நாலு மணிக்கு அக்காவுக்குப் போன் போட்டு, மகளிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம் என்றேன். சரி என்றார். பிறகு, "நீ கூட வராத. கம்பிக்கால வச்சுக்கிட்டு நீ எறங்குறத வேற பாக்க என்னால முடியாது" என்றார். சூளைக்காரர் துணைக்குப் போவதாக ஏற்பாடு.

மறுநாள் காலை பெட்டி வந்து நிற்கும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டேன். கோட்டுக்கு ஓரடி தள்ளி வாசல் நின்றது. சொன்னேன் இல்லையா, மனப்பாடம் என்று. வாசலில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் பச்சைச் சேலையைப் பார்த்ததும் தானாக எழுந்தார்கள். கொக்கிகளை மாட்டினோம். சூளைக்காரரும் ஒரு ரயில்வே ஊழியரும் பின்னாலிருந்து தள்ள, நாற்காலி ஏறியது. மேல் விளிம்பில் முன்சக்கரம் ஒரு நொடி தயங்கியது. உள்ளே இருந்தவர்கள் சட்டென்று கை நீட்டி அவர் தோளைப் பிடிக்க வந்தார்கள்.

"என் மேல கை வைக்காதீங்க. நாற்காலியப் புடிங்க" என்றார் அக்கா. சத்தமாகக்கூட இல்லை.

நீட்டிய கைகள் நாற்காலியின் சட்டத்தைப் பிடித்தன. சக்கரம் உள்ளே இறங்கியது. பலகைகளை உருவி உள்ளே தள்ளினேன். வண்டி கிளம்பியது. அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. முந்தானையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

பட்டறைக்கு வந்து பிளாஸ்டர் கலக்கினேன். ஊற்ற மறந்து, வாளியிலேயே இறுகிவிட்டது. இரண்டாவது வாளியும் அப்படியே. முதலாளி பார்த்துவிட்டு, இன்றைக்கு நீ சும்மா உட்கார்ந்தாலே எனக்கு லாபம் என்றார்.

மத்தியானம் போன் வந்தது. முதலில் மகள் பேசினாள். "மாமா, அம்மா வந்துட்டாங்க. பெட்டியில காத்தாடி ஓடலைன்னு கொற சொல்லிக்கிட்டே எறங்குனாங்க" என்று சொன்னாள். அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை. பிறகு அக்கா போனை வாங்கினார்.

"ஏறையில மூணு பேரு, எறங்கையில நாலு பேரு கை நீட்டுனாங்க தம்பி. ஒரு கை என் மேல படல."

அவ்வளவுதான் சொன்னார். வைத்துவிட்டார்.

அந்தப் பலகைகள் இப்போது பொம்மை சுமப்பதில்லை. கேட்டு வருகிறவர்களுக்காகத் தனியாக இருக்கின்றன. ஆனால் அன்றைக்கு எனக்குப் பலகை நினைவே இல்லை. அக்கா சொன்னதை அச்சுக் கொட்டகையில் சொன்னேன். டீக்கடையில் சொன்னேன். சாயங்காலம் ஸ்டேஷனுக்கே போய் அதிகாரியிடம் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

"ஏழு பேரா?"

"ஏழு பேருங்க" என்றேன், எல்லாக் கைகளையும் நானே எண்ணியதுபோல.