சீனியில்லாத டொனிக்

யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையில் மாமியின் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் நான் வைக்கிற தண்ணீர்ப் போத்தல், விடிந்து பார்த்தால் வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. வெள்ளரிக்காய்த் துண்டுகளும் புதினா இலையும் தேசிக்காய் வட்டங்களும் போட்ட வெறும் தண்ணீர் அது. மூடியை இறுக்கித்தான் பூட்டுவேன். காலையில் தளர்ந்திருக்கும், ஆனால் தண்ணீர் ஒரு மிடறும் குறைந்திருக்காது. யாரோ திறக்கிறார்கள், குடிக்காமல் மூடுகிறார்கள். வந்த மூன்றாம் நாளே எனக்கு விளங்கிவிட்டது. மாமி மூக்கை வைத்து மணந்து பார்க்கிறார்.

மாமி என் கணவர் யூட்டின் தாய். சந்தையில் மீன் விற்று யூட்டையும் தங்கை ஜெனியையும் வளர்த்தவர். நண்டைக் கையில் தூக்கிப் பார்த்தே உள்ளே சதையா தண்ணீரா என்று சொல்லிவிடுவார். இந்த வீட்டில் எந்தக் கோப்பையையும் அவர்தான் கழுவ வேண்டும். கழுவுவதற்கு முன் ஒருமுறை மூக்கருகே கொண்டுபோவார். யூட்டின் தந்தை சாராயத்தைத் தேநீர்க் கோப்பையில் ஊற்றி, மேலே கொஞ்சம் தேநீரும் விட்டுக் குடித்தவராம். ஈரல் பழுதாகி அவர் இறந்து பல வருடமாகிவிட்டது. மாமியின் கை மட்டும் இன்னும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. நோர்வேயில் யூட் இதைப் பகிடியாகச் சொன்னபோது நானும் சிரித்திருக்கிறேன். இங்கே குசினி வாசலில் நின்று பார்க்கிறபோது சிரிப்பு வருவதில்லை.

நாங்கள் வந்ததே மாமியைக் கூட்டிக்கொண்டு போகத்தான். எங்கள் மகள் ஆன்யாவுக்கு இரண்டு வயது. நோர்வேயில் நாங்கள் இருக்கிற பேர்கனில் அவளை ‘பார்னஹாகே’ என்கிற பாலர் பள்ளியில் விட்டதிலிருந்து ஒன்றுவிட்டு ஒரு கிழமை காய்ச்சல். நான் விடுப்பு எடுக்காத மாதம் இல்லை. மேலதிகாரி கோபிக்கவில்லை, ஆனால் மிகவும் மரியாதையாகப் பேசத் தொடங்கிவிட்டார். அதுதான் எனக்குப் பயம். மாமி மூன்று மாதம் வந்து பிள்ளையைப் பார்த்தால் என் வேலை நிலைக்கும். வராவிட்டால் வேலையை விடவேண்டியதுதான். மாமியோ கணவரைப் புதைத்த அன்றே, குடிக்கிற வீட்டில் இனிக் கால் வைக்கமாட்டேன் என்று சொன்னவர்.

நாங்கள் குடிக்கிறோம். ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். சனிக்கிழமை பின்னேரம் ஆறு மணிக்கு, ஆளுக்கு ஒரு கிளாஸ்.

நான் குடிக்கத் தொடங்கிய கதையை ஊரில் இருப்பவர்கள் நம்பமாட்டார்கள், புலம்பெயர்ந்தவர்கள் நம்புவார்கள். வேலைக்குச் சேர்ந்த வருடம் அலுவலக விருந்தில் எல்லோரும் ‘ஸ்கோல்’ என்று கிளாசைத் தூக்க, நான் தண்ணீரைத் தூக்கினேன். பக்கத்தில் இருந்த பெண் குனிந்து, மெதுவாக, “எர் து கிராவிட்?” என்று கேட்டாள். கர்ப்பமா என்று கேட்கிறாள் என்பது விளங்கியது. வெட்கத்தில் தலையைக் குனிந்தேன். அவள் அதை ஓம் என்று எடுத்துக்கொண்டு என் கையைப் பிடித்து வாழ்த்தினாள். திங்கட்கிழமை அலுவலகம் முழுக்க எனக்குத் தனிக் கவனிப்பு. இல்லை என்று ஒவ்வொருவராகச் சொல்லி முடிக்க ஒரு கிழமை ஆனது. அடுத்த விருந்தில் கேள்வி வேண்டாம் என்று ஒரு கொக்ரெயில் வாங்கினேன். அன்னாசியும் தேங்காய்ப்பாலும் சேர்த்தது, பாயாசம் போல இருந்தது. அங்கே குடிக்காவிட்டால் சந்தேகம், இங்கே குடித்தால் சந்தேகம்.

பாயாசம் போல இருந்ததுதான் வினை. ஆன்யா பிறந்த பிறகு என் உடம்பு இறங்கவேயில்லை. தாதி நிறையைக் குறித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் இன்றைக்கும் யோசிக்கிறேன். பிறகு போத்தல்களின் பின்பக்கத்தை வாசிக்கத் தொடங்கினேன். ‘லைட்’ என்று முன்பக்கத்தில் எழுதியிருந்தால் பின்பக்கத்தை இரண்டு தரம் வாசிப்பேன். ஜின்னோடு கலக்கிற டொனிக் தண்ணீர் கைக்கிறதே, அதில் சீனி இராது என்று நம்பியிருந்தேன். கசப்பை மூடும் அளவுக்குச் சீனி அதில் உண்டு. சீனியில்லாத டொனிக் தனியாக விற்கிறார்கள். பழச்சாறையும் பாகையும் நிறுத்தினேன். உயரமான ஒடுங்கிய கிளாசை விளிம்புவரை ஐஸ்கட்டியால் நிரப்பி, அரை அளவு ஜின், அரைத் தேசிக்காய்ப் புளி, நீளவாக்கில் சீவிய வெள்ளரிக்காய், மீதிக்குச் சீனியில்லாத டொனிக் அல்லது வெறும் சோடாத் தண்ணீர். சாராயத்தின் உரம் குறையக் குறைய வாசனைக்கு ஏதாவது வேண்டும். அதற்குப் புதினாவைக் கசக்காமல் உள்ளங்கையில் ஒருமுறை தட்டிப் போட்டால் போதும். ஜின்னை அளக்க ஆன்யாவின் காய்ச்சல் மருந்துப் போத்தலோடு வந்த பிளாஸ்டிக் மூடியை வைத்துக்கொண்டேன். கை தவறாது. தாயின் மூளைக்கு அதைவிட நம்பிக்கையான அளவு தெரியவில்லை.

இவ்வளவும் செய்து இங்கே வந்தால், ஒழுங்கையில், தெருவில் காண்கிறவர்கள் எல்லோரும் நான் மெலிந்துபோனேன் என்கிறார்கள். பேர்கன் தராசில் கூடின உடம்பு கொழும்புத்துறைக் கண்களில் குறைந்திருக்கிறது. அங்கே மெலிந்தாய் என்றால் பாராட்டு. இங்கே அது விசாரணை. புருசன் சாப்பாடு தருவதில்லையா, சீனி வருத்தமா, மனவருத்தமா? இரண்டு தராசிலும் எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

விமானத்தில் யூட் என்னிடம், “அம்மாவுக்கு முன்னாலை ஒண்டும் வேண்டாம், நீர் கொஞ்சம் சமாளியும்” என்றார். அவரேதான் விமான நிலையக் கடையில் ஒரு ஜின் போத்தலும் வாங்கினார். வைத்தது தன் உடுப்புகளுக்குள் அல்ல, என் உடுப்புகளுக்குள்.

வந்த முதல் சனிக்கிழமை, அது மாமி மாதா கோயில் பின்னேரப் பூசைக்குப் போகிற நாள் என்று அறிந்து, யாழ்ப்பாணம் ரவுணுக்குப் புறப்பட்ட ஜெனியிடம் ஒரு சிறு துண்டு எழுதிக் கொடுத்தேன். தேசிக்காய், புதினா, சோடா, டொனிக். கடைசி இரண்டுக்கும் பக்கத்தில் ‘சீனியில்லாதது’ என்று அடிக்கோடும் போட்டேன். ஜெனி இரண்டு போத்தல் சிவப்புச் சோடாவும் ஒரு பெரிய மண்ணிறப் போத்தலும் கொண்டுவந்தாள். எங்கள் ஊரில் சோடா என்றால் இனிக்கிற நிறச் சோடாதான் என்பது எனக்கு மறந்துபோயிருந்தது.

“சீனியில்லாத சோடா எண்டு கேக்கக் கடைக்காரன் சிரிக்கிறான், மச்சாள். பேந்து அதை என்னத்துக்குக் குடிக்கிறதெண்டு கேக்கிறான். டொனிக் பாமசியிலைதான் இருந்தது. காலமை ரெண்டு கரண்டி, பின்னேரம் ரெண்டு கரண்டி. ஒரு மாசத்திலை நல்லா உடம்பு வைக்குமாம்.”

போத்தலை அவளுடைய கையிலிருந்து வாங்கியது நான் அல்ல, மாமி. திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கு இரத்தம் குறைவு, அதைச் சொல்லாமல் மறைத்திருக்கிறேன் என்று அவராகவே முடிவு செய்தார். நான் மறுக்கவில்லை. மறுத்தால் எந்த டொனிக் என்று சொல்லவேண்டி வரும். அன்று மாமி பூசைக்குப் போனதும், கொதித்தாறிய தண்ணீரில் தேசிக்காய் பிழிந்து, ஜின்னை அளந்து விட்டு, கிணற்றடியில் நின்றே குடித்து முடித்தோம். கிளாசை மூன்று தரம் கழுவினேன்.

அன்றிலிருந்து காலையும் மாலையும் மாமி எனக்கு டொனிக் பருக்கினார். பாகு போன்ற இனிப்பு. பேர்கனில் ஒரு கரண்டி சீனிக்குக் கணக்குப் பார்த்தவள், இங்கே பிள்ளையைப் போல வாயைத் திறந்துகொண்டு நின்றேன். கரண்டியை வைக்கும்போது மாமியின் முகம் என் முகத்துக்கு மிகவும் கிட்ட வரும். பாசத்தில் வருகிறதா, என் மூச்சை மணக்க வருகிறதா என்று ஒவ்வொரு முறையும் யோசித்தேன். யோசிக்கிற எனக்கே என்மேல் வெறுப்பாக இருந்தது.

இன்று நான்காவது சனிக்கிழமை. திங்கட்கிழமை விசாவுக்காக மாமி கொழும்பில் கைரேகை கொடுக்க வேண்டும், அதற்கு நாளைக்கு வாடகை வான் வரும். யூட் வான்காரரிடம் கதைக்கப் போயிருந்தார். மாமி குசினி மேசையில், எனக்கு முன்னால், அந்தப் பிளாஸ்டிக் மூடியை வைத்தார். தோய்க்கப் போட்ட என் சட்டைப் பையில் இருந்ததாம்.

“உது பிள்ளைக்கு மருந்து குடுக்கிற மூடியெல்லே?”

“ஓம், மாமி.”

“அதிலை ஏன் குடி மணக்குது?”

நான் வாய் திறப்பதற்குள் அவருடைய குரல் இறங்கிவிட்டது. “நித்திரையாக்கிறதுக்குப் பிள்ளைக்கும் பருக்கிறனியோ?”

மாதாவாணை இல்லை என்றேன். “யூட்டின்ரை அப்பாவும் மாதாவிலைதான் சத்தியம் பண்ணினவர்” என்றார் மாமி. அதன் பிறகு சொல்லில் பிரயோசனம் இல்லை. நான் எழும்பிப் போய்ப் பயணப் பெட்டிக்குள் இருந்து ஜின் போத்தலை எடுத்துவந்து, மேசையில், அவருக்கு முன்னாலேயே ஒரு கிளாஸ் செய்தேன். ஐஸ்கட்டி, பாதி மூடி ஜின், தேசிக்காய், வெள்ளரிக்காய், மிச்சத்துக்குத் தண்ணீர். அந்த மூடி பழைய போத்தலுடையது, பிள்ளையின் மூடி வேறு என்று அதையும் எடுத்துக் காட்டினேன். அடுத்த கடைக்காரரின் தராசைப் பார்ப்பது போல மாமி பார்த்துக்கொண்டிருந்தார். வாரத்தில் ஒரு நாள், இவ்வளவுதான், உடம்பு வைக்காமல் இருக்கத்தான் தண்ணீரைக் கூட்டுகிறேன் என்றேன்.

கிளாசை எடுத்து மணந்தார். “மணக்கேல்லை” என்றார். பிறகு அதை வைத்துவிட்டுக் கேட்டார். “தண்ணியைக் கூட்டிறது மெலியிறதுக்கோ, எனக்கு மணக்காமல் இருக்கிறதுக்கோ?”

நான் பேர்கனிலும் என்னிடம் கேட்காத கேள்வி அது. பானத்தை லேசாக்கினேனா, குற்றத்தை லேசாக்கினேனா? அங்கே மணந்து பார்க்க யாரும் இல்லாதபோதும் யன்னல் திரைச்சீலையை இழுத்துவிட்டுத்தானே குடித்தேன்.

“ரெண்டுக்கும்தான், மாமி. நான் கேட்டது அந்த டொனிக்கும் இல்லை.”

“தெரியும். மூண்டு கிழமை நல்லா விழுங்கினாய்.”

அவர் சிரித்தாரா என்று சொல்லத் தெரியவில்லை. நான் கேட்டேன். “அப்ப நாளைக்கு வானுக்குள்ளை ஏறுவியளோ? எங்களோடை வருவியளோ?”

மாமி எழும்பி வெளியே போனார். முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்த ஆன்யாவின் கால் மண்ணைத் தட்டி, இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, செருப்பைப் போட்டார். கடற்கரைப் பக்கம் நடந்தவர் படலை வாசலில் திரும்பாமலே சொன்னார்.

“வாறன்.”

எங்கள் ஊரில் போகிறவர்கள் போகிறேன் என்று சொல்வதில்லை, அதற்கும் வாறன்தான். அவர் எனக்குப் பதில் சொன்னாரா, கடற்கரைக்குப் போய்வருகிறேன் என்று மட்டும் சொன்னாரா? அவருடைய தோளுக்கு மேலால் ஆன்யா என்னைப் பார்த்துச் சின்னக் கையை ஆட்டினாள். “ஹா தே” என்றாள். பாலர் பள்ளி வாசலில் தினமும் எனக்குச் சொல்கிற போய்வா அது. ஒருவர் வருகிறேன் என்றும் மற்றவள் போகிறேன் என்றும் சொல்லிக்கொண்டு ஒரே ஒழுங்கையால் போனார்கள். நானும் கையைத் தூக்கினேன். அது வழியனுப்புகிற கையா, வரச்சொல்லிக் கூப்பிடுகிற கையா என்று எனக்கே தெரியவில்லை. ஒழுங்கை திரும்பும் வரை அதை இறக்காமல் நின்றேன்.