ஈயப் பைகள் தைக்கும் வெர்னா

காப்பி கொதிப்பதற்குள் வெர்னா துப்பாக்கியை மாவு உருட்டும் கட்டையின் மேல் குறுக்காக வைத்துவிடுவாள். தோட்டா கிடையாது. தோட்டா ஏறும் அறை திறந்திருக்கும், அதில் மஞ்சள் அடைப்பான் செருகியிருக்கும். கைகளை மெல்ல விலக்குவாள். குழல் பக்கம் தாழ்ந்தால் உதட்டைப் பிதுக்குவாள். தோளில் பதியும் கட்டைப் பக்கம் தாழ்ந்தால் ஒரு "ம்". பிறகு அந்தத் தோள்கட்டையின் அடியிலிருக்கும் சிறு கதவைத் திறந்து, ஈயக் குருணை நிரப்பித் தைத்த குட்டிப் பை ஒன்றை உள்ளே தள்ளுவாள், அல்லது வெளியே உருவுவாள். மறுபடி கைகளை விலக்குவாள்.

"அந்த உருட்டுக்கட்ட எப்ப காலியாகும்? லவங்கப்பட்ட ரொட்டி சாப்பிட்டு எத்தன நாளாச்சு தெரியுமா?" என்பான் ஆர்லன், அவள் கணவன். பால் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவன், பசி பொறுக்காதவன்.

"இது நேரா நிக்கட்டும், தரேன்."

"போன மாசமும் இதத்தான் சொன்ன."

"போன மாசம் நிக்கலையே."

விஸ்கான்சினில் அவர்கள் இருக்கும் பகுதியில் பஸ் இருக்கை தைக்கும் தொழிற்சாலை ஒன்று உண்டு. வெர்னா அங்கேதான் முப்பது வருடமாகத் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கிறாள். வீணாகும் துணி வீட்டுக்கு வரும். ஈயப் பைகள் அந்தத் துணிதான். உள்ளே குருணை குலுங்காமலிருக்க இருக்கைப் பஞ்சை அடைப்பாள். சுடும்போது அணிகிற கனத்த கோட்டும் அவளே தைத்தது; நீலத்தில் ஆரஞ்சு முக்கோணங்கள். அதைப் போட்டுக்கொண்டு அவள் துப்பாக்கி சுடும் மன்றத்தின் மைதானத்துக்குள் நுழையும்போது யாராவது ஒருவர், "பஸ் வந்திருச்சு, எடம் பிடிங்க" என்பார்கள். அவள் சிரிப்பாள், பதில் சொல்ல மாட்டாள். கூட்டத்தில் பேசுவதென்றால் அவளுக்குக் காது சிவந்துவிடும்.

துப்பாக்கியிடம் மட்டும் தாராளமாகப் பேசுவாள். "எங்க போற? வா. இங்கதான் உன் வேல."

அது ஒவ்வொரு குண்டுக்கும் தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி. விசையை மட்டும் ஒவ்வொரு முறையும் இழுக்க வேண்டும். போட்டியில் நேரம் குறித்துச் சுடும் வேகச் சுற்றில் இதுதான் வசதி, இதுதான் வம்பும். ஒவ்வொரு வெடிக்கும் அது துள்ளும். துள்ளி எங்கே வந்து நிற்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வெர்னாவினுடையது எங்கும் வந்து நின்றதில்லை. இடப்புறம் கீழே ஒன்று, வலப்புறம் மேலே ஒன்று என்று குண்டுகள் சந்தைக்கு வந்த மாதிரி சிதறிக் கிடக்கும்.

"துப்பாக்கிய குத்தம் சொல்லாத வெர்னா, கை உன்னோடது," என்பான் கோர்டி. தீவனக் கடைக்காரன், மன்றத்தின் அணித் தலைவன். வாயில் எப்போதும் ஒரு பல்குச்சி. மாநிலப் போட்டிக்கு மன்றத்திலிருந்து நால்வர் போவார்கள். வெர்னா பல வருடங்களாக ஐந்தாவது ஆள். யாருக்காவது காய்ச்சல் வந்தால் சுடலாம். அந்த நால்வருக்கும் கல் மாதிரி உடம்பு.

கையா, துப்பாக்கியா என்ற கேள்வி குளிர்காலம் முழுக்க அவளைக் குடைந்தது. ஒருநாள் ரொட்டி சுடும் காகிதத்தில் ஒரு பட்டை கிழித்து, குழலுக்கும் அதைச் சுற்றியிருக்கும் கைப்பிடி உறைக்கும் நடுவே விட்டு இழுத்துப் பார்த்தாள். வழுக்கிக்கொண்டு வந்தது. அடுத்து, சுடும்போது செய்வதைப் போலத் தோள்வாரைக் கையில் சுற்றி இறுக்கிக்கொண்டு இழுத்தாள். காகிதம் சிக்கி நின்றது. வார் உறையை இழுக்க, உறை குழலை அழுத்த, குழல் வளைந்து கொடுத்திருக்கிறது. இத்தனை வருடமும் இதுதான்.

"ஆர்லன்! இங்க வா. காகிதத்த இழு."

அவன் இழுத்தான். "கிழிஞ்சிருச்சு," என்றான் பயந்துபோய்.

அவள் அவனைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள். எதற்கென்று அவனுக்கு இன்றுவரை முழுதாக விளங்கவில்லை.

குழலைத் தொடாமல் தனித்து நிற்கும் உறையாக மாற்றினாள். புது உறை கனம், மூக்கு தாழ்ந்தது. அங்கிருந்துதான் ஈயப் பைகளின் காலம் தொடங்கியது. அதிகமானால் தோள் ஓய்ந்துபோகும். குறைந்தால் குழல் நடுங்கும். மாலையில் வெறும் துப்பாக்கியோடு தரையில் உட்கார்ந்து, எதிர்ச் சுவரின் விளக்குச் சொடுக்கியைக் குறி வைப்பாள். கண்ணை மூடுவாள், மூச்சு விடுவாள், திறப்பாள். குறி சொடுக்கியிலேயே இருந்தால் அன்றைக்கு இரவுச் சாப்பாடு நேரத்துக்குக் கிடைக்கும்.

ஜூன் மாதத்துச் சனிக்கிழமை மன்றப் போட்டி. நான்காவது இடம் அன்று முடிவாகும் என்று கோர்டி சொல்லியிருந்தான். அந்த இடத்துக்கு வெர்னாவும் டெல்மரும்தான் போட்டி. டெல்மர் தபால்காரன். மரக்கட்டை போட்ட பழைய பெரிய துப்பாக்கி வைத்திருப்பவன். அது போடும் ஓட்டையில் பென்சில் நுழையும். வெர்னாவினுடையது மிளகளவுதான் போடும். குலுக்கலில் அவளுக்குப் பதினொன்றாம் இலக்கு, அவனுக்குப் பக்கத்திலேயே பன்னிரண்டு.

"பஸ்ஸு பக்கத்துல உக்காந்தா புகை அடிக்குமே," என்றான் டெல்மர்.

"டிக்கெட் எடுத்துட்டு உக்காரு," என்றாள் வெர்னா. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கூட்டத்தில் பதில் சொன்னது அதுதான் முதல் முறை. காது சிவந்தது.

விசை ரொம்ப இலகுவாக இருக்கிறதா என்று எடைக்கல்லைத் தொங்கவிட்டுப் பார்த்தார்கள், தாங்கியது. நின்று சுடும் சுற்று முடிந்தபோது அவள் டெல்மரைவிட இரண்டு புள்ளி முன்னால் இருந்தாள். கோர்டி பல்குச்சியை வாயின் மறுபக்கத்துக்கு மாற்றினான்.

அடுத்தது உட்கார்ந்து சுடும் வேகச் சுற்று. ஒரு நிமிடம், பத்துக் குண்டு. எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். எதிரே இலக்குகளை ஏற்றி இறக்குபவர்கள் இருக்கும் குழியிலிருந்து இலக்குகள் ஒன்றாக எழுந்தன. வெர்னா தொப்பென்று உட்கார்ந்து, காலை மடக்கி, வாரை இறுக்கி, முதல் குண்டை விட்டாள். துப்பாக்கி துள்ளியது. துள்ளி, தொட்டிலுக்குத் திரும்பும் குழந்தை மாதிரி, அதே கறுப்பு வட்டத்தின் நடுவில் வந்து அமர்ந்தது.

இன்னொன்று. மறுபடி அங்கேயே. மூன்று, நான்கு. முன்பெல்லாம் ஒவ்வொரு துள்ளலுக்குப் பிறகும் இலக்கைத் தேட வேண்டும். தேடும்போது கீழிருக்கும் எண் பலகையும் கண்ணில் பட்டுவிடும். இன்று தேட எதுவுமில்லை. பத்தும் முடிந்தபோது முகமெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தாள்.

இலக்குகள் இறங்கின. குழியிலிருந்து கம்பியில்லாப் பேசியில் குரல் வந்தது. "பதினொண்ணுல ஒரு ஓட்ட கூட இல்ல. பன்னெண்டுல இருபது."

டெல்மர்தான் முதலில் வாயைத் திறந்தான். "என் வீட்ல யாரோ குடித்தனம் வந்துட்டாங்கப்பா."

பக்கத்து இலக்கைச் சுடுவது இந்த விளையாட்டில் எல்லோருக்கும் ஒரு நாள் நடப்பது. ஆனால் பத்தையும் கொண்டுபோய் வைப்பது அபூர்வம். பன்னிரண்டாம் இலக்கை மேலே ஏற்றினார்கள். கோர்டி தொலைநோக்கியில் குனிந்தான், நிமிரவே இல்லை.

"பென்சில் ஓட்டை பத்து, அங்கங்க. டெல்மரோடது," என்றான் கடைசியில். "மிளகு ஓட்டை பத்து..."

"எங்க இருக்கு?" என்றாள் வெர்னா.

"எங்க இருக்குன்னு கேக்கறியா? நட்ட நடுவுல. காப்பி டப்பா மூடி போட்டு மூடிடலாம்."

"தள்ளு. நான் பாக்கணும்."

பார்த்தாள். கோட்டின் ஆரஞ்சு முக்கோணங்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்து டெல்மர் தோளைத் தொட வந்தான். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், சத்தமே வராமல், கண்ணில் நீர் வழிய.

"வெர்னா," என்றான் கோர்டி சங்கடமாக, "உனக்கு இந்தச் சுத்துல பூஜ்யம். என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

"தெரியும். போடு பூஜ்யம்." அவள் இன்னும் தொலைநோக்கியை விடவில்லை. "கை யாரோடதுன்னு இப்ப சொல்லு."

கோர்டி பல்குச்சியை வாயிலிருந்தே எடுத்துவிட்டான். "கை நல்ல கைதான். கண்ணுக்கு மட்டும் நம்பர் படிக்கச் சொல்லிக்குடு."

படுத்துச் சுடும் சுற்றுகளில் அவள் ஒவ்வொரு குண்டுக்கும் முன்னால் "பதினொண்ணு" என்று உரக்கச் சொன்னாள். வரிசையே கேட்டது. கடைசியில் பக்கத்தில் இருந்தவர்களும் கூடச் சேர்ந்து "பதினொண்ணு" என்றார்கள். டெல்மர் சிரித்ததில் ஒரு குண்டைப் புல்லில் போட்டான். ஆனாலும் பூஜ்யம் பூஜ்யம்தான். மதியம் சோளக்கதிரும் வறுத்த சாசேஜும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கோர்டி பெயர்களை வாசித்தான். நான்காவது, டெல்மர். ஐந்தாவது, வெர்னா.

கை தட்டினார்கள். டெல்மருக்குத்தான் கறி இறங்கவில்லை. தட்டை வைத்துவிட்டு அவள் மேசைக்கு வந்தான். எதிரே உட்கார்ந்து, கடுகுச் சாஸ் குப்பியைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

"உன்னோடத ஒரு தடவ தோள்ல வச்சுப் பாக்கலாமா?"

அறை திறந்திருப்பதைக் காட்டி அவள் கொடுத்தாள். அவன் ஆளில்லாத மண்மேட்டுப் பக்கம் திரும்பி, தோளில் வைத்து, கண்ணை மூடினான். திறந்தான். மறுபடி மூடினான்.

"இது எடையே இல்லாத மாதிரி இருக்கு வெர்னா. என்னோடது மண்வெட்டி. மூக்கால மண்ண நோண்டும். மாநிலப் போட்டிக்கு அத வச்சிக்கிட்டுப் போயி..." முடிக்காமல் நிறுத்தினான்.

வெர்னா பாதிக் கதிரைத் தட்டில் வைத்தாள். விரல்களிலிருந்த வெண்ணெயைக் கோட்டில் துடைத்தாள். தாங்கியில் சாய்ந்திருந்த அவனுடைய மரத் துப்பாக்கியை எடுத்து, அறை காலிதானா என்று பார்த்துவிட்டு, கட்டையின் அடியிலிருந்த இரும்புக் கதவை நகத்தால் நெம்பித் திறந்தாள். ஆள்காட்டி விரலை உள்ளே விட்டு, அடி தட்டும்வரை செலுத்தி, விரல் வெளியே நின்ற இடத்தில் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அந்த அளவு நழுவாமல் கையை உயர்த்தியபடியே, ஈயக் குருணையும் தைக்கும் துணியும் இருந்த தன் காரை நோக்கி நடந்தாள்.