பேத்தியின் பென்சில்களைச் சீவினேன்

நாளை என் பேத்திக்குப் பள்ளியிறுதி எஸ்.பி.எம். ஓவியத் தேர்வு. காலையிலிருந்து சோறு இறங்கவில்லை. கை நடுங்குகிறது, ஒரு கோடுகூட வரவில்லை என்று அழுதாள்.

உதவலாமே என்று, ரப்பர் தோட்டத்தில் நான் பால்மரம் வெட்டிய கத்தியால் அவள் பென்சில்களை எல்லாம் ஊசிபோல் சீவி வைத்தேன்.

"ஐயோ தாத்தா! நிழல் போட மழுக்கி வச்சிருந்தேன்லா! யாரு உங்கள சீவச் சொன்னா?"

"மொட்டையா கெடந்துச்சும்மா."

"பேசாதீங்க!"

பென்சில் முனையை மழுக்குவதற்காகவே ஒரு தாளை இழுத்துப் பரபரவென்று தீட்டினாள். கை நடுங்கவே இல்லை. தாளில் வந்தது என் முகம், திருடனைப்போல. பிறகு சிம்பாங் பூலாய் கடை மீகோரேங் நூடுல்ஸ் இரண்டு தட்டு சாப்பிட்டாள்.

இந்த வருஷம்தான் எழுதப் படித்தேன். கைப்பேசியில் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டுகிறேன். அவளை நாளைக் காலையில் கோபப்படுத்த வேறு எதைச் சீவலாம்? சீக்கிரம் சொல்லுங்கள்.