தரையில் ஒயர் கிடக்காத வீடு

அந்த வட்டாரத்து அடுக்குமாடிக் கட்டடங்களில் லிப்ட் நின்றுபோனால் கூப்பிடுவது இவரைத்தான். இருபத்தாறு வருடமாக ஊரையே மேலும் கீழும் அனுப்பிக்கொண்டிருக்கிற மனிதர் குடியிருப்பது தரைத்தளம். இதைச் சொல்லிக் கிண்டல் செய்யாத ஆளே கிடையாது. லிப்ட்காரரும் ஒவ்வொரு தடவையும் முதல் தடவை கேட்கிறவர் மாதிரி சிரித்துவைப்பார். தொட்டுக்கூடப் பார்க்காமல் எவராவது 'எல்லாம் சரியாத்தான் இருக்கு' என்று சொன்னால் மட்டும் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிடும். கதவில் காதை வைத்து, உள்ளே ஓடுகிற சத்தத்தைக் கேட்டு, பிறகுதான் பையைத் திறப்பார்.

மனைவிக்குப் பேருந்து நிலையத்தில் வேலை. எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது என்று மைக்கில் சொல்ல வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவளுக்குப் பக்கப் பார்வை குறைய ஆரம்பித்தது. நேரே இருப்பது தெரியும். ஓரத்தில் இருப்பதும் காலடியில் கிடப்பதும் தெரியாது. இதற்கு மேல் மோசமாகாமல் பார்த்துக்கொள்ளலாம், போனது போனதுதான் என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். காகிதத்தைச் சுருட்டி அதன் வழியாகப் பார்ப்பது போல இருக்கிறது என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

இரண்டு பேருக்கும் சினிமா என்றால் உயிர். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுக் கை கழுவியதும் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்தால், யார் வந்து கதவைத் தட்டினாலும் திறக்கிற வழக்கம் இல்லை. வீட்டில் பழைய ஹோம் தியேட்டர் செட் ஒன்று இருந்தது. முன்னால் மூன்று ஸ்பீக்கர், பின்னால் இரண்டு, மூலையில் இடி மாதிரியான கனத்த சத்தத்துக்கென்று பூசணிக்காய் பருமனில் ஒரு சப்வூஃபர். பின்னால் இருந்த இரண்டுக்கும் போகிற ஒயரைச் சுவரோரமாக இழுத்து, சமையலறை வாசலில் மட்டும் தரையோடு தரையாக டேப் போட்டு ஒட்டியிருந்தார்.

டேப் எத்தனை நாளைக்கு நிற்கும்? ஒரு நாள் பிய்ந்து எழும்பியது. அவளுக்கு அது கண்ணில் படவில்லை. கால் மாட்டி, கையை ஊன்றி விழுந்து, முழங்கை வீங்கிப் பத்து நாள் வேலைக்குப் போகாமல் கிடந்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவருக்கு மனசு ஆறியிருக்கும். அவள் திட்டவில்லை.

"அந்த செட்டை எடுத்துடுங்க. படம் பாக்காட்டி எனக்கென்ன, பொழுது போகாதா?" என்றாள்.

அன்றைக்கே ஒயரைச் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டார். அதற்குப் பிறகுதான் அந்த செட் என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்பதே அவருக்குப் புரிந்தது. கண்ணுக்குத் தெரியாத ஓரத்தையெல்லாம் அவள் காதால் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். இப்போது எல்லாச் சத்தமும் டி.வி.யின் வயிற்றுக்குள்ளிருந்தே வந்தது. ஓரத்திலிருந்து ஒருவன் பாய்ந்து வந்து அடித்தால் அவளுக்கு அடிதான் தெரிந்தது, அடித்தவன் தெரியவில்லை. "யாருங்க வந்தது?" என்று கேட்பாள். இவர் விளக்கி முடிப்பதற்குள் படம் இரண்டு காட்சி தாண்டிப் போயிருக்கும்.

மூன்று வாரம் அப்படிக் கேட்டாள். நான்காவது வாரம், "நீங்க பாருங்க, எனக்கு உள்ள வேலை இருக்கு" என்று எழுந்துபோனாள். ஏற்கெனவே கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவுகிற சத்தம் இரண்டு மணி நேரம் கேட்டது. லிப்ட்காரருக்குப் படத்தில் மனசு ஒட்டவே இல்லை.

அப்போதுதான் முடிவு செய்தார். பின்னாலிருந்து சத்தம் வர வேண்டும். தரையில் ஒரு நூல்கூடக் கிடக்கக் கூடாது.

மனைவியின் தம்பிக்கு எதையும் ஒரு வார்த்தையில் முடித்துத்தான் பழக்கம். "எதுக்கு மாமா இவ்வளவு யோசனை? சவுண்ட்பார்னு நீளமா ஒரே ஒரு ஸ்பீக்கர் வாங்கி டி.வி. கீழ வைங்க, ஜோலி முடிஞ்சுது. என் வீட்டுக்கு வந்து கேட்டுப் பாருங்க."

போனார்கள். சத்தம் என்னவோ கணீரென்றுதான் இருந்தது. ஆனால் மழையும் முன்னால், இடியும் முன்னால், துரத்துகிறவனும் முன்னால், ஓடுகிறவனும் முன்னால். மனைவி மரியாதைக்குக் கடைசிவரை உட்கார்ந்திருந்துவிட்டு, "நல்லாருக்குடா" என்றாள். உப்பில்லாத குழம்புக்கு விருந்தாளி சொல்கிற 'நல்லாருக்கு' அது.

"என்ன மாமா, எப்படி?" என்றான் மச்சினன், மார்தட்டாத குறையாக.

"உனக்குப் போதும் மாப்ள" என்றார் லிப்ட்காரர்.

அடுத்த சனிக்கிழமை தனியாகக் கடைக்குப் போனார். அங்கிருந்த விற்பனைப் பெண் பொறுமைசாலி; இல்லாவிட்டால் இவரிடம் தாக்குப்பிடித்திருக்க முடியாது. "இது வயர்லெஸ் சார்" என்று அவள் காட்டிய பின்பக்க ஸ்பீக்கரை வாங்கித் திருப்பிப் பார்த்தவர், அடியில் தொங்கியதைப் பிடித்துத் தூக்கினார்.

"வயர்லெஸ்னு சொன்னியேம்மா, அப்ப இந்த வால் எதுக்கு?"

அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சத்தம் காத்துல வந்துடும் சார். கரண்ட் காத்துல வராதே. அதுக்குப் பக்கத்துல ஒரு பிளக் பாயிண்ட் வேணும்."

அவர் கண்ணை மூடி வீட்டுப் பின்சுவரை நினைத்துப் பார்த்தார். ஒரு மூலையில் பிளக் பாயிண்ட் உண்டு. இன்னொரு மூலைக்குக் கரண்ட் கொண்டுபோக வேண்டுமென்றால் ஒயர் சமையலறை வாசலைத் தாண்டியாக வேண்டும். வாடகை வீடு, சுவரை உடைக்க வீட்டுக்காரர் விடமாட்டார். வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

அந்தப் பெண் உள்ளே போய் இன்னொன்றை எடுத்துவந்தாள். நீளமான சவுண்ட்பார், அதன் இரண்டு முனையையும் தனியாகக் கழற்றலாம். கழற்றினால் அவைதான் பின்பக்க ஸ்பீக்கர். உள்ளே பேட்டரி. படம் முடிந்ததும் மறுபடி மாட்டிவிட்டால் சார்ஜ் ஏறிக்கொள்ளும். சவுண்ட்பாருக்கும் சப்வூஃபருக்கும்தான் கரண்ட் வேண்டும், அவை டி.வி. பக்கத்திலேயே இருந்துவிட்டுப் போகட்டும்.

"நடுவுல சத்தம் விட்டு விட்டு வருமா?"

"வராது சார்."

"எல்லாம் சரியாத்தான் இருக்கும்னு சொல்லாதம்மா. போட்டுக் காட்டு."

போட்டுக் காட்டினாள். லிப்ட்காரர் கடை நடுவில் நாற்காலி போட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்தார். வேறு படம் கேட்டார், மறுபடி மூடினார். வாஷிங் மெஷின் வாங்க வந்த குடும்பம் ஒன்று இவரைச் சுற்றிக்கொண்டு போனது. முக்கால் மணி நேரம் கழித்துக் கண்ணைத் திறந்தார். "கட்டிக் குடு."

மறுநாள் மனைவிக்குக் காலை முறை வேலை. அவள் வருவதற்குள் எல்லாவற்றையும் வைத்து முடித்துவிட்டார். அவள் வந்து சாப்பிட்டாள், விஷயத்தைக் கேட்டாள், "இன்னொரு நாள் பாக்கலாமே" என்றாள். அவர் முகத்தைப் பார்த்த பிறகு மறுக்க மனசு வராமல் சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள்.

படம் ஓடியது. அவள் பத்து நிமிடம் பார்த்தாள். அப்புறம் நெற்றியைச் சுருக்கினாள். இதுவும் சரிப்படவில்லை, இப்போது எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள் என்று லிப்ட்காரர் நினைத்தார்.

"படத்தை நிறுத்துங்க. இப்ப ஒரு லாரி போச்சே, வலப்பக்கமாத்தானே நம்மளைத் தாண்டிச்சு?"

"ஆமா."

"முன்னாடி வலப்பக்கம் கேட்டுது. பின்னாடி வந்ததும் இடப்பக்கம் தாவிடுச்சு. நடைமேடை மாறின வண்டி மாதிரி. இதை எப்படி வச்சீங்க?"

எப்படி வைப்பார்? லிப்ட் வேலையில் எப்படி வைப்பாரோ அப்படித்தான். கதவுக்கு எதிரே முகம் பார்த்து நின்றால் இடக்கைப் பக்கம் இடது, வலக்கைப் பக்கம் வலது. இருபத்தாறு வருடமாக அதுதான் கணக்கு. பின்சுவருக்கும் அதே மாதிரி எதிரே போய் நின்று, இடது என்று எழுதியதை இடக்கைப் பக்கமும் வலது என்று எழுதியதை வலக்கைப் பக்கமும் வைத்திருக்கிறார். டி.வி.யைப் பார்த்து உட்காருகிறவர்களுக்கு அது தலைகீழ். கடையில் முக்கால் மணி நேரம் கண்ணை மூடிச் சோதித்த மனிதர், வீட்டில் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு கோட்டைவிட்டார்.

"நான் மாத்தறேன், இரு" என்று அவர் எழுவதற்குள் அவள் எழுந்துவிட்டாள். திரை இழுத்த அரை இருட்டு. பிடித்துக்கொள்ள வேண்டுமே என்று அவர் கை தானாக நீண்டது. அவள் கீழே குனிந்து பார்க்கவில்லை, காலைத் துழாவவும் இல்லை. விறுவிறுவென்று போய் ஒரு ஸ்பீக்கரை எடுத்துக்கொண்டு சமையலறை வாசலைக் கடந்தாள், அதை அங்கே வைத்தாள், இன்னொன்றைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்து இங்கே வைத்தாள். அவர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

இந்த முறை அவள் சோபாவில் நன்றாகச் சாய்ந்து, காலை மடக்கி உட்கார்ந்தாள். "ம், முதல்லேர்ந்து போடுங்க."

லாரி போக வேண்டிய பக்கம் போனது. அரை மணி நேரம் கழித்து, கதை சூடுபிடித்திருந்த நேரத்தில், பின்னால் கதவு திறக்கிற சத்தம். யாரோ செருப்பைத் தேய்த்துக்கொண்டு உள்ளே வருகிறார்கள். லிப்ட்காரர் திடுக்கிட்டுத் திரும்பிச் சமையலறை வாசலைப் பார்த்தார். யாருமில்லை.

"யாரது?" என்றார்.

அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவர் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள்.

"படத்துலங்க! அண்ணன்காரன் வர்றான். அவன் நடையே அப்படித்தான், மொதல்லேயே கவனிச்சேன். பேசாம முன்னாடி திரும்பிப் பாருங்க, நான் சொல்றேன்."