கண்ணாடிப் பன்றிக்குட்டி

சென்ற மாதம் என் மகள் ஊதிக்கொண்டிருந்த கண்ணாடிக் குழாய் வெடித்து, ஒரு சில்லு அவள் புருவத்துக்கு மேலே கிழித்துவிட்டது. கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலம் தாண்டி ஆஸ்பத்திரிக்குப் போன அந்த ஆட்டோவிலிருந்து நான் இன்னும் இறங்கவில்லை. தையல் போட்டு வீடு திரும்பியதும், அவள் வேலை செய்யும் மாடி அறையிலிருந்த கேஸ் சிலிண்டரின் ரெகுலேட்டரைக் கழற்றி ஆபீஸ் பைக்குள் போட்டுக்கொண்டேன். டிபன் பாக்ஸோடு அதுவும் தினமும் ஆபீஸ் போய் வந்தது.

எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தபோது, கல்லூரி லேபுக்குக் குழாய் வளைத்துக் கொடுப்பவரிடம் அவள் கற்றுக்கொண்ட வேலை அது. இப்போது கண்ணாடியில் மிருக பொம்மைகள் செய்து விற்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் முன்னால் வந்து நின்றாள்.

“அப்பா, நீங்க ஒருநாளும் உக்காந்து பார்த்ததில்ல. ஒரே ஒரு பொம்மை, முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் பாருங்க. அப்புறமும் வேணாம்னா பர்னரை வித்துடறேன்.”

ரெகுலேட்டரைக் கொடுத்துவிட்டு அவளோடு மாடிக்குப் போனேன். சீக்கிரம் முடிந்தால் சரி என்று, “கால் இல்லாத மிருகமா ஒண்ணு பண்ணேன்” என்றேன்.

“பாம்பா?”

“வேணாம், வேணாம். குட்டைக் காலா ஏதாவது.”

“அப்ப பன்னிக்குட்டி. உடம்பு ஒரே ஊதுல வந்துடும்.”

துணி உலர்த்த மாடிக்கு வந்த என் மனைவி வாசலில் நின்றுவிட்டாள். “ஸ்ரீரங்கத்துல உக்காந்து அப்பாவும் பொண்ணும் பன்னி பண்றீங்களா? நல்லாருக்கு.”

“வராகம்னு வச்சுக்கம்மா,” என்றாள் மகள்.

பர்னர் நீலமாகச் சீறியது. குழாயை விரல்களில் உருட்டிக்கொண்டே இருந்தாள்; நிறுத்தினால் ஒரு பக்கம் தொங்கிவிடுமாம். கண்ணாடி சிவந்து பாகு போல இளகியது. குழாயின் மறுமுனையை அவள் வாயருகே கொண்டுபோனதும் எழுந்துவிட்டேன்.

“நெருப்பை உள்ள இழுத்துடப் போறே!”

“தீயிலேர்ந்து வெளிய எடுத்துட்டுதான்ப்பா ஊதுவேன். உக்காருங்க.”

ஊதினாள். பூரி மாதிரி உப்பியது. மெல்லிய கண்ணாடிக் குச்சியை உருக்கி உருக்கி ஒட்டியதில் காது வந்தது, மூக்கு வந்தது, கால்கள் வந்தன.

“வாலை விட்டுடேன்.”

“வாலில்லாத பன்னியை யாருப்பா வாங்குவாங்க?”

அவள் நெற்றி வியர்வை தழும்பைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தது. கண்ணுக்குள் போய்விட்டால்? சட்டென்று ஃபேனைப் போட்டேன்.

சுடர் சாய்ந்தது. ‘டிக்’ என்று ஒரு சத்தம். பின்னங்கால் ஒன்று விண்டு மேஜைமேல் கிடந்த செய்தித்தாளில் விழுந்தது. பளிங்குபோல் தெளிவாக, சமர்த்தாகக் கிடந்தது. பதறிப்போய் எடுக்கக் கை நீட்டினேன்.

“தொடாதீங்க!”

என் கை அந்தரத்திலேயே நின்றது. அவள் பர்னரை அணைத்தாள். பொம்மையைத் தாங்கியில் வைத்தாள். எழுந்துபோய் ஃபேனை நிறுத்தினாள். எதிலும் பதற்றமில்லை. பிறகு இடுக்கியால் காலை எடுத்துக் காட்டினாள். அது கிடந்த இடத்தில் செய்தித்தாள் கருகியிருந்தது.

“கண்ணாடி சூடா இருக்கா இல்லையான்னு பார்த்தா தெரியாதுப்பா. சூட்டுல மேல காத்து பட்டாலும் விரிசல் விட்டுடும்.”

“பர்னரை விக்க வேணாம்டி,” என்றாள் வாசலில் நின்ற மனைவி. “உங்கப்பாவை வித்துடு.”

மகள் சிரிக்கவில்லை. நான் சொல்லப்போவதற்காகக் காத்திருந்தாள். பயம் போய்விட்டதா என்றால், இல்லை. ஆனால் கொஞ்சம் முன்னால் அந்த அறையில் யார் யாரைக் காப்பாற்றினார்கள் என்பதை நானே பார்த்திருந்தேன்.

“செய். ஆனா தனியா இருக்கறப்ப வேணாம். வீட்ல ஆள் இருக்கும்போது மட்டும்.”

“நீங்க இருக்கும்போதாப்பா?”

“உங்கம்மா இருக்கும்போது,” என்றேன்.