பவளத்துக்கு ட்ரிப்ஸ் ஏற்றிய வீடு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. திண்டிவனத்தில், யாருமே படுத்திராத ஓர் அறையில் ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு ஒரு கல்யாணமே நின்றுபோக இருந்தது.

முதலில் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். திண்டிவனத்தில் இருப்பது என் அக்கா பத்மாவதி. அவளுக்கு ஒரே பையன் தரணி. பைப், மோட்டார் கடை வைத்திருக்கிறான். குரலை உயர்த்திப் பேசத் தெரியாத பையன். முப்பது தாண்டியும் வரன் அமையவில்லை. "கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்புறோம்" என்று எழுந்து போனவர்கள் எல்லாம் இன்னும் கலந்து பேசிக்கொண்டேதான் இருக்கிறார்கள். அந்தக் கவலையில் அக்கா பாதியாக இளைத்துவிட்டாள்.

கடைசியாக அனந்தபுரத்தில் ஒரு பெண். வசந்தமாலா. இருவரும் கோயிலில் பார்த்துப் பேசினார்கள், பிடித்துவிட்டது. பாக்கி இருந்தது ஒன்றுதான் — பெண் வீட்டுப் பெரியவர்கள் வந்து மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வேண்டும். தாய்மாமன் என்கிற ஹோதாவில் விழுப்புரத்திலிருந்து என்னையும் வரவழைத்தாள் அக்கா.

வீட்டில் குறை சொல்ல எதுவும் இல்லை. தரணியின் தொட்டியைத் தவிர.

அது கடல் தண்ணீர்த் தொட்டி. இரண்டடி நீளம். உள்ளே உயிருள்ள பவளம்... நம் கடலில் அதை எடுத்தால் குற்றம். இது வெளிநாட்டுப் பண்ணையில் வளர்ந்து, பேப்பர்களோடு விமானம் ஏறி வந்தது. நாங்களோ நயினார்கள், சமணக் குடும்பம். முட்டைகூட வாசல் தாண்டி வராத வீடு. கடல் மீனுக்கு இறால் போட வேண்டும், அதை ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும் என்று யாரோ சொன்னதும் அக்கா சட்டம் போட்டுவிட்டாள். "உள்ள எது வேணா வளத்துக்கோ. ஆனா அது சைவமா இருக்கணும்."

தரணி அசரவில்லை. பாசி மட்டும் மேய்கிற ஒரு மீனை எங்கிருந்தோ தேடிப் பிடித்தான். உருண்டைக் கண், தொங்கும் கன்னம். அக்காவே அதற்குக் குண்டன் என்று பெயர் வைத்தாள். பவளத்துக்கு வெளிச்சம்தான் பெரும்பாலும் சாப்பாடு. அதோடு கொஞ்சம் சுண்ணாம்பு.

சுண்ணாம்பு எதற்கு? பவளம் தன் எலும்பைத் தானே கட்டிக்கொள்கிறது. கட்டுவதற்குத் தண்ணீரில் இருக்கும் கால்சியத்தையும் காரத்தன்மையையும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். உறிஞ்சியதை நாம் திரும்ப ஊற்ற வேண்டும். எப்படி ஊற்றுவது என்பதில்தான் பவளம் வளர்ப்பவர்களுக்குள் ஓயாத சண்டையாம்.

தரணி எல்லாவற்றையும் செய்து பார்த்தவன். முதலில் இரண்டு பாட்டில் முறை. ஒன்றில் கால்சியம், இன்னொன்றில் சோடா உப்புக் கரைசல். இரண்டையும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் ஊற்றினால் ஒன்றோடொன்று சேர்ந்து வெள்ளையாகப் படிந்துவிடும், பவளத்துக்கு மிஞ்சாது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று ஊற்றினான். கடைக்குச் சரக்கு எடுக்கப் போகிற நாளில் மறந்தது. சரி, மறக்காத மெஷின் வாங்குவோம் என்று குட்டிப் பம்ப் வாங்கினான். கரென்ட் போய்ப் போய் வந்ததில் அதற்கு நேரமே குழம்பிவிட்டது. அடுத்தது, பவளக் கல்லையே ஒரு குழாய்க்குள் போட்டு, கேஸ் விட்டுக் கரைக்கிற முறை. அதற்குத் தனியாக ஒரு சிலிண்டர் வேண்டும்.

"இருக்கற சிலிண்டருக்கே நான் பயந்துக்கினு இருக்கேன்" என்றாள் அக்கா. அந்த முறை அத்தோடு முடிந்தது.

கடைசியில் வந்ததுதான் ட்ரிப்ஸ். சுத்தமான சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கி, தெளிந்ததும் மேலே ஆணியில் மாட்டி, மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய ட்ரிப்ஸ் டியூப் வழியாகச் சொட்டுச் சொட்டாகத் தொட்டிக்குள் விடுவது. கால்சியமும் காரமும் ஒன்றாகவே போய்விடும். கரென்ட் வேண்டாம், சிலிண்டர் வேண்டாம். ஒரே ஒரு விதி — மெதுவாக இறங்க வேண்டும். வேகமாக இறங்கினால் காரம் ஏறி எல்லாம் செத்துவிடும். டியூபில் இருக்கிற சின்ன ரோலரைத் திருகித் திருகி, எறும்பு நடக்கிற வேகத்துக்குச் சொட்டைக் கொண்டுவந்து வைத்திருந்தான்.

பெண் வீட்டார் வருகிற அன்று அக்காவுக்குத் திடீர் பயம். "நயினார் வூட்ல மீனான்னு ஒரு வார்த்தை கேட்டாங்கன்னா என்னா பண்றது? மூடி வைடா."

"ஒண்ணும் ஆவாதும்மா. சொல்லிக்கலாம்."

"கல்யாணம் ஆவட்டும், அப்பறம் சொல்லிக்கலாம்."

அம்மா பேச்சைத் தட்டாத பையன். தொட்டிக்கு முன்னால் கயிறு கட்டி அக்காவின் பழைய புடவை ஒன்றைத் தொங்கவிட்டார்கள். தொட்டி மறைந்தது. மேலே ஆணியில் தொங்கிய பாட்டிலையும், புடவைக்கு மேலேயே தெரிந்த ரோலரையும் யாரும் கவனிக்கவில்லை. நானும்தான்.

நாலு மணிக்கு வந்தார்கள். பெண்ணின் அப்பா, அனந்தபுரத்தில் மல்லாட்டை மண்டி வைத்திருப்பவர். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். கூட அவருடைய அக்கா, அதாவது பெண்ணுக்கு அத்தை. நல்ல உயரம், நல்ல குரல், யாரைப் பார்த்தாலும் சாப்பிட்டாயா என்று கேட்கிற முகம். எனக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. அவர்களும் நயினார்கள்தான். எங்களில் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டாக வேண்டும் என்பதால் அக்கா சீக்கிரமே கேசரியும் வாழைக்காய் பஜ்ஜியும் போட்டு வைத்திருந்தாள்.

அத்தை கை கழுவ, தொட்டி இருந்த அறை வழியாகப் பின்பக்கம் போனார். திரும்பி வந்தவர் முகத்தில் சிரிப்பு இல்லை. கேசரியைத் தொடவில்லை. தம்பியின் காதில் ஏதோ சொன்னார். அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

நான் பைபாஸ் ரோடு டிராஃபிக் பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன். கேட்க ஆளில்லாமல் நிறுத்தினேன்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. உள்ள யாருக்கு உடம்பு முடியல?" என்றார் பெண்ணின் அப்பா.

"யாருக்கும் இல்லீங்களே" என்றாள் அக்கா.

"ட்ரிப்ஸ் ஏறிக்கினு இருக்குதே" என்றார் அத்தை. "ஆக்சிஜன் வேற வெச்சிருக்கீங்க. குபுகுபுன்னு சத்தம் கேக்குது."

அது தொட்டியின் மோட்டார். சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் மீன் வெளியே வரும். அக்கா என்னைப் பார்த்தாள், நான் தரணியைப் பார்த்தேன், தரணி தரையைப் பார்த்தான். எழுந்து போகத் தயாராகிற ஆட்கள் எப்படி உட்கார்வார்கள் என்று எனக்குத் தெரியும். பெண்ணின் அப்பாவும் அத்தையும் அப்படித்தான் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்கள்.

யோசித்துப் பாருங்கள். நாங்கள் மறைத்தது விரல் நீள மீன். அவர்கள் பார்த்தது, புடவைக்குப் பின்னால் நோயில் கிடக்கும் ஒரு முழு ஆள். எதையாவது மறைத்தால் பார்க்கிறவர்கள் அந்த இடத்தைக் காலியாகவா விடுகிறார்கள்?

அத்தைதான் இரங்கிப் பேசினார். "சங்கடப்படாதீங்கம்மா. எங்க வூட்டுக்காரரோட நானும் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரில மாசக்கணக்குல கெடந்தவதான். சொட்டு நின்னுபோறாப்பல இருந்துச்சு. யாரு பெத்த புள்ளையோன்னு நான்தான் கொஞ்சம் கூட்டி வுட்டு வந்தேன்."

தரணி தலை நிமிர்ந்தான். "எவ்ளோ கூட்டினீங்க?"

"நல்லாவே கூட்டி வுட்டேன்பா."

அவன் ஓடி நான் பார்த்ததில்லை. அன்று ஓடினான். புடவையை இழுத்ததில் கயிறே அறுந்து விழுந்தது. பாட்டில் காலி. அடியில் தங்கியிருந்த சுண்ணாம்புகூட இறங்கியிருந்தது. தொட்டித் தண்ணீர் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி வெளுத்துக் கிடந்தது. பவளமும் தெரியவில்லை, குண்டனும் தெரியவில்லை.

"மாமா, சோடா வாங்கியாங்க. ப்ளெய்ன் சோடா. ஜல்தி."

சோடாவில் இருக்கும் கேஸ் அந்தக் காரத்தை இறக்குமாம். நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது பெண்ணின் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருமுனைக் கடைக்கே போய்விட்டார். கை நிறைய பாட்டில்களோடு வந்தார். தரணி அதையும் அவசரப்பட்டு ஊற்றவில்லை. கொஞ்சம் ஊற்றுவான், தண்ணீரை எடுத்து டெஸ்ட் பண்ணுவான், நிறம் பார்ப்பான், மறுபடி கொஞ்சம்.

அத்தை தொட்டியை விட்டு நகரவில்லை. "வாயில்லாத உசுரு... என் கையால போச்சுன்னா நான் எப்பிடித் தாங்குவேன்" என்று புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே நின்றார். அக்கா அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். எறும்பைக்கூட ஊதி ஓரம் தள்ளுகிற கைகள் எங்களுடையவை. மீனை மறைத்தவளுக்கும் சொட்டைக் கூட்டியவருக்கும் அந்த நிமிஷம் ஒரே வேண்டுதல்தான் இருந்திருக்கும். பஜ்ஜி ஆறிப்போனது. நான் கூப்பிட்டும் யாரும் வரவில்லை. வெளியே பொழுது சாய்ந்துவிட்டது. இனி யாருக்கும் சாப்பாடு கிடையாது.

விளக்குப் போட்ட பிறகு தண்ணீர் மெல்லத் தெளிந்தது. முதலில் பாறை தெரிந்தது. பிறகு பவளம்... ஒரு கிளை மட்டும் வெளுத்திருந்தது. அதைப் பிற்பாடு தரணி வெட்டி எடுத்தான். குண்டனைத்தான் காணோம். அத்தை கண்ணாடியில் நெற்றி படும்படி குனிந்து தேடினார்.

"தோ... தோ இருக்குது பாருங்க."

பாறை இடுக்கிலிருந்து இரண்டு உருண்டைக் கண்கள் எங்களை முறைத்துக்கொண்டிருந்தன. பட்டினியோடு ஐந்து பேர் ஒரு மீனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றோம்.

வாசலில் வண்டி ஏறும்போது அத்தை தம்பியிடம் மெல்லப் பேசினார். நல்ல குரல் என்றேனே, அவர் மெல்லப் பேசினாலும் தெரு முழுக்கக் கேட்கும்.

"மீனுக்கே இப்பிடி ஓடறான். நம்ம மாலாவுக்கு ஒரு காய்ச்சல்னா சும்மா வுடுவானா? பேசி முடிச்சுடு."

உள்ளே வந்து பார்த்தால் அக்கா ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. ஒத்துக்கொள்வதில் என்ன வெட்கம்?

போன வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம். பெண் வீட்டு வரிசைத் தட்டுகளில் புடவை, பூ, பழம், மல்லாட்டை உருண்டை எல்லாம் இருந்தன. ஒரு தட்டில் மட்டும் வெற்றிலைக்கு நடுவில், பிரிக்காத கவரில் புத்தம்புது ட்ரிப்ஸ் செட்.

அத்தையைப் பார்த்தேன். அவர் கண் சிமிட்டாமல் சொன்னார். "பழசுல ரோலர் லூஸா இருந்துச்சு தம்பி. அதான் அன்னிக்கு அப்பிடி ஆயிடுச்சு."

பழியை ரோலர் மேல் போட்டாயிற்று... இனி அவரும் எங்கள் குடும்பம்தான்.